ஹார்ட்ஸ் 91: ஸ்காட்டிஷ் சாம்பியன்ஷிப் 2014–15, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்து கால்பந்தின் இரண்டாம் அடுக்கு லீக் பெரும்பாலும் உள்ளூர்ச் செய்தியோடு நின்றுவிடும். 2014–15 சீசனில் மட்டும் நிலைமை தலைகீழ். கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ், எடின்பரோவின் ஹார்ட்ஸ், அதே ஊரின் ஹிபர்னியன் என்ற ஹிப்ஸ், மூன்றும் ஒரே நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தன. நேரடியாக மேலே போக இருந்தது ஒரே இடம். அதை ஹார்ட்ஸ் 2015 மார்ச் 22 அன்றே, ஏழு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போதே உறுதி செய்துகொண்டது. சீசன் முடிவில் இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் இடையே 21 புள்ளி இடைவெளி.

இந்த வெற்றிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பெரிய ஆட்டங்களில் ஹார்ட்ஸ் தலைநிமிர்ந்து நின்றது என்பது. ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸில் கடைசி நிமிட கோல், ஹிப்ஸுடனான உள்ளூர் மோதலான டெர்பியில் வெகு தூரத்திலிருந்து பறந்த கோல் என்று உதாரணமும் காட்டுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புள்ளிக்கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் காரணம் நிற்கவில்லை.

மூவரும் வந்த வழி

ரேஞ்சர்ஸை நடத்திய பழைய நிறுவனம் 2012-இல் கலைக்கப்பட்டது. சொத்துகளைப் புதிய நிறுவனம் வாங்கியது. அணி நான்காம் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 2013-இல் ஒரு படி ஏறியது. 2013–14-இல் மூன்றாம் அடுக்கை ஒரு தோல்விகூட இல்லாமல் 102 புள்ளியுடன் வென்று இங்கே வந்தது.

ஹார்ட்ஸ் 2013 ஜூனில் திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதற்குத் தண்டனையாக முதல் அடுக்கில் அடுத்த சீசனைக் கழித்தல் 15 புள்ளியில் தொடங்கியது. புதிய வீரர்களைச் சேர்க்கவும் தடை. களத்தில் 38 புள்ளி எடுத்தும் ஏட்டில் 23 மட்டுமே நின்றது, கடைசி இடம். அதே சீசனில் ஹிப்ஸ் 35 புள்ளியுடன் பதினோராவது. அதாவது களத்துக் கணக்கில் ஹார்ட்ஸ்தான் மேல். ஹிப்ஸ், ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டங்களான பிளே-ஆஃபில், ஹாமில்டனிடம் முதல் ஆட்டத்தை வெளியூரில் 2–0 என்று வென்றுவிட்டு, சொந்த மைதானத்தில் 0–2 என்று தோற்று, பெனால்டியில் கீழே விழுந்தது.

லீக்கின் கட்டமைப்பு

பத்து கிளப்புகள், ஆளுக்கு 36 ஆட்டம். ஒவ்வோர் எதிரணியையும் நான்கு முறை சந்திக்க வேண்டும்: சொந்த ஊரில் இரண்டு, வெளியூரில் இரண்டு. முதலிடம் நேராக முதல் அடுக்கான பிரீமியர்ஷிப்புக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வரை பிளே-ஆஃப். பத்தாவது கீழே போகும். ஒன்பதாவது கீழ் லீக்கிலிருந்து வரும் மூன்று அணிகளோடு பிளே-ஆஃபில் மோதும்.

இந்தச் சீசனில் பெரிய கிளப் மூன்று. ஒரு பெரிய கிளப்புக்கு மற்ற இரண்டுடனும் சேர்த்து எட்டு ஆட்டம்தான், 24 புள்ளி. மீதி ஏழு கிளப்புகளுடன் 28 ஆட்டம், 84 புள்ளி. தொலைக்காட்சி எட்டைக் காட்டுகிறது. பட்டியலை இருபத்தெட்டு எழுதுகிறது.

அந்த ஏழில் அல்லோவா, டம்பார்ட்டன், கௌடன்பீத் மூன்றும் பகுதிநேர அணிகள். வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். டம்பார்ட்டனின் மைதானத்தில் ஒரே ஒரு பார்வையாளர் மாடம், சுமார் 2,000 இருக்கை, பின்னால் கோட்டைப் பாறை. கௌடன்பீத்தின் சென்ட்ரல் பார்க்கில் ஆடுகளத்தைச் சுற்றிப் பழைய கார்கள் முட்டி மோதி ஓடும் பந்தயப் பாதை இருக்கிறது. பார்வையாளர் அந்தத் தாருக்கு அப்பால் உட்கார வேண்டும். ஃபால்கர்க், அல்லோவா, குயின் ஆஃப் த சவுத் மூவருக்கும் செயற்கைப் புல்தரை. பந்து வேகமாக ஓடும், துள்ளல் வேறு மாதிரி இருக்கும், இயற்கைப் புல்லில் பழகிய அணிக்கு முதல் அரை மணி நேரம் அளவு பிடிபடாது. 51,000 பேர் அமரும் ஐப்ராக்ஸிலிருந்து கிளம்பி இங்கெல்லாம் ஒரே சீசனில் இரண்டிரண்டு தடவை போய் வர வேண்டும்.

இறுதிப் பட்டியல்

| கிளப் | வெ | டி | தோ | அடித்தது–வாங்கியது | புள்ளி |
|---|---|---|---|---|---|
| ஹார்ட்ஸ் | 29 | 4 | 3 | 96–26 | 91 |
| ஹிபர்னியன் | 21 | 7 | 8 | 70–32 | 70 |
| ரேஞ்சர்ஸ் | 19 | 10 | 7 | 69–39 | 67 |
| குயின் ஆஃப் த சவுத் | 17 | 9 | 10 | 58–41 | 60 |
| ஃபால்கர்க் | 14 | 11 | 11 | 48–48 | 53 |
| ரெய்த் ரோவர்ஸ் | 12 | 7 | 17 | 42–65 | 43 |
| டம்பார்ட்டன் | 9 | 7 | 20 | 36–79 | 34 |
| லிவிங்ஸ்டன் | 8 | 8 | 20 | 41–53 | 27 (5 கழித்து) |
| அல்லோவா | 6 | 9 | 21 | 34–56 | 27 |
| கௌடன்பீத் | 7 | 4 | 25 | 31–86 | 25 |

இதில் மேல் மூன்று வரிகளை மட்டும் எடுத்து இரண்டாகப் பிரிப்போம். மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் முடிவு இவை. ஹார்ட்ஸ் – ஹிப்ஸ்: 2–1, 1–1, 1–1, 0–2. ஹார்ட்ஸ் – ரேஞ்சர்ஸ்: 2–1, 2–0, 1–2, 2–2. ஹிப்ஸ் – ரேஞ்சர்ஸ்: 3–1, 4–0, 2–0, 0–2.

| கிளப் | மூவருக்குள் (24-இல்) | மற்ற ஏழுடன் (84-இல்) | ஏழுடன் வெ–டி–தோ |
|---|---|---|---|
| ஹிபர்னியன் | 14 | 56 | 17–5–6 |
| ஹார்ட்ஸ் | 12 | 79 | 26–1–1 |
| ரேஞ்சர்ஸ் | 7 | 60 | 17–9–2 |

பெரிய ஆட்டங்களின் சாம்பியன் ஹிப்ஸ். ஹார்ட்ஸ் அங்கே சரிபாதிதான் எடுத்தது. ஆனால் மற்ற 28 ஆட்டங்களில் அது விட்டது வெறும் ஐந்து புள்ளி: ஜனவரியில் ஃபால்கர்க்கிடம் சொந்த மைதானத்தில் 2–3 என்று ஒரு தோல்வி, ஒரு டிரா. சீசனின் முதல் லீக் தோல்வியும் அந்த ஃபால்கர்க் ஆட்டம்தான்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. ஹார்ட்ஸ் போட்டியாளர்களிடம் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி பட்டம் உறுதியான பிறகு போனவை. ஏப்ரல் 5 ஐப்ராக்ஸில் 1–2, ஏப்ரல் 12 ஹிப்ஸின் மைதானமான ஈஸ்டர் ரோடில் 0–2, மே 2 சொந்த மைதானமான டைன்காசிலில் 2–2. மார்ச் 22 வரை பார்த்தால் 15-க்கு 11 எடுத்திருந்தது. ஆகவே பெரிய ஆட்டங்களில் சோடை போனது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அவை தேவைப்பட்டனவா என்பதுதான் கேள்வி. எட்டு ஆட்டத்தையும் ஹார்ட்ஸ் தோற்றிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஹார்ட்ஸுக்கு 79. ஹிப்ஸுக்கு டெர்பிகளில் 5-க்குப் பதில் 12, மொத்தம் 77. ரேஞ்சர்ஸுக்கு 4-க்குப் பதில் 12, மொத்தம் 75. அப்போதும் பட்டம் ஹார்ட்ஸுக்கே.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அந்த இரண்டு புகழ்பெற்ற கோல்களையும் திரும்பப் பார்க்கலாம். முதலாவது, 2014 ஆகஸ்ட் 10, ரேஞ்சர்ஸுடன் முதல் லீக் ஆட்டம். டேனி வில்சன் ஹார்ட்ஸை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் நிக்கி லா சமன் செய்ய, ஐப்ராக்ஸ் இன்னும் கத்தி முடிக்காத நிலையில் ஓஸ்மான் சோ அடித்து 2–1 ஆக்கினார். இரண்டாவது, அக்டோபர் 26, ஈஸ்டர் ரோடு. ஹிப்ஸ் 1–0 முன்னிலை, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. தடுப்பாட்டக்காரர் அலிம் ஓஸ்துர்க் சுமார் 40 கஜத்திலிருந்து அடித்த பந்து மேல் மூலையில் போய் விழுந்தது. அந்த ஆட்டங்களைப் பார்த்தவர் யாரும் மறக்கப்போவதில்லை. பட்டத்துக்கு அவற்றின் பங்களிப்பு, ஏட்டைப் பொறுத்தவரை, உபரிதான்.

ரேஞ்சர்ஸ் எங்கே ஒழுகியது

ஏழு சிறிய கிளப்புகளிடம் ரேஞ்சர்ஸ் இரண்டே முறைதான் தோற்றது. இரண்டும் டம்ஃப்ரீஸ் ஊரின் பால்மர்ஸ்டன் பார்க்கில், குயின் ஆஃப் த சவுத்திடம்: டிசம்பரில் 0–2, ஏப்ரலில் 0–3. கொன்றது ஒன்பது டிரா. ஒவ்வொரு டிராவும் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தில் இரண்டு புள்ளி நஷ்டம், ஒன்பதுக்குப் பதினெட்டு.

ஒரு வாரத்தை மட்டும் நெருங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிப்ரவரி 28 அன்று டைன்காசிலில் ஹார்ட்ஸ் கௌடன்பீத்தை 10–0 என்று உரித்தது. மார்ச் 6 அன்று ரேஞ்சர்ஸ் பங்குதாரர் கூட்டத்தில் பழைய நிர்வாகம் வெளியேற்றப்பட்டு டேவ் கிங் தரப்பு உள்ளே வந்தது, ரசிகர்களுக்குத் திருவிழா. மறுநாள் அதே கௌடன்பீத், பத்து கோல் வாங்கிய சூடு ஆறாத அணி, சென்ட்ரல் பார்க்கில் ரேஞ்சர்ஸை 0–0 என்று நிறுத்தியது. பெரிய அணியை எதிர்கொள்ளும் பகுதிநேர அணி பெனால்டி பகுதியின் விளிம்பில் இரண்டு வரிசையாக இறங்கி நிற்கும். அதை உடைக்க ஆரம்பத்திலேயே ஒரு கோல் வேண்டும். கிடைத்தால் வரிசை முன்னே வந்தாக வேண்டும், இடைவெளி திறக்கும், மூன்று நான்கு என்று போகும். கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பந்து பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் போவதும் தடுப்பாட்டக்காரர் முட்டித் தள்ளுவதுமாகவே கழியும். ரேஞ்சர்ஸின் சீசன் பெரும்பாலும் இரண்டாம் வகை.

அதற்குக் களத்துக்கு வெளியேயும் காரணம் இருந்தது. மேலாளர் அலி மெக்காய்ஸ்ட் டிசம்பரில் விலகல் கடிதம் கொடுத்தார். 21-ஆம் தேதி அவரை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்கள். பொறுப்பேற்ற துணைப் பயிற்சியாளர் கென்னி மெக்டவலின் முதல் ஆட்டம் ஈஸ்டர் ரோடில் 0–4. ஜனவரியில் அவரும் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலத்திலேயே அணியை நடத்தினார். மார்ச் 12-இல் ஸ்டூவர்ட் மெக்கால் வந்தார். ஒரு சீசனில் மூன்று பேர். பங்குதாரராக இருந்த மைக் ஆஷ்லியின் நியூகாசில் கிளப்பிலிருந்து பரிமாற்றக் கடைசி நாளில் ஐந்து வீரர்கள் ஒரே மூச்சில் கடனாக வந்தார்கள். தொடர்ந்து ஆடியவர் ஹாரிஸ் வுச்கிச் ஒருவரே. அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவை என்று பார்த்துச் சேர்த்த வீரர்களாக அவர்கள் தெரியவில்லை.

கோப்பைகளிலும் இதே நோய்தான். டிசம்பரில், கீழ் அடுக்கு கிளப்புகளுக்கான சேலஞ்ச் கோப்பையின் அரையிறுதியில் அல்லோவாவிடம் 2–0 முன்னிலையிலிருந்து 2–3. பிப்ரவரியில் ஸ்காட்டிஷ் கோப்பையில் சொந்த மைதானத்திலேயே ரெய்த் ரோவர்ஸிடம் 1–2.

ஹிப்ஸின் ஆகஸ்ட்

ஹிப்ஸின் கதை சுருக்கமானது. டெர்ரி புட்சரை ஜூன் 10-இல் நீக்கினார்கள். ஆலன் ஸ்டப்ஸ் ஜூன் 24-இல் வந்தார். லீக் ஆகஸ்ட் 9-இல் தொடங்கியது. ஆறேழு வாரத்தில் அணியைக் கட்ட முடியாது. ஆகஸ்டிலேயே ஹார்ட்ஸ், ஃபால்கர்க், அல்லோவா மூவரிடமும் வரிசையாகத் தோல்வி. பிறகு ஸ்காட் ஆலன் நடுக்களத்தில் பந்தை ஆள, இளம் ஜேசன் கம்மிங்ஸ் கோலடிக்க, அந்த லீக்கில் பார்க்க மிக அழகான அணி ஹிப்ஸ்தான் என்பது என் கருத்து. ஆனால் அழகு வந்தபோது ஹார்ட்ஸ் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது.

ஹார்ட்ஸ் முன்கூட்டியே செய்தது

ஹார்ட்ஸின் தயாரிப்பு ஹிப்ஸைவிட ஒன்றரை மாதம் முன்னால் தொடங்கியது. ஆன் பட்ஜ் கிளப்பின் பொறுப்பை ஏற்றதும் 2014 மே 12-இல் கிரேக் லெவீன் கால்பந்து இயக்குநர், ராபி நீல்சன் தலைமைப் பயிற்சியாளர் என்று அறிவிப்பு வந்துவிட்டது. ஜூனில் திவால் நிர்வாகம் முடிந்தது. ரசிகர் அமைப்பான ஃபவுண்டேஷன் ஆஃப் ஹார்ட்ஸ் மாதச் சந்தா திரட்டியது. கிளப்பை நடத்தவும் காலப்போக்கில் பட்ஜிடமிருந்து பங்குகளைப் பெறவும் அந்தப் பணம் போனது. 2021-இல் பெரும்பான்மைப் பங்கு அமைப்பின் கைக்கு வந்தது.

வீரர் பட்டியலில் இரண்டு அடுக்கு இருந்தது. முதல் அடுக்கு, தடைக் காலத்தில் வேறு வழியில்லாமல் மேல் லீக்கில் இறக்கப்பட்ட பையன்கள்: காலம் பேட்டர்சன், ஜேமி வாக்கர், சாம் நிக்கல்சன், பில்லி கிங், ஜேசன் ஹோல்ட். பிரீமியர்ஷிப்பில் ஒரு வருடம் அடி வாங்கியவர்களுக்கு இரண்டாம் அடுக்கின் வேகம் மெதுவாகவே தெரிந்திருக்கும். தண்டனை கொடுத்த ஒரே நன்மை அது. அதன் மேல் அனுபவசாலிகள்: கோலில் நீல் அலெக்சாண்டர், நடுவில் மோர்காரோ கோமிஸ், பிரின்ஸ் புவாபென், பின்னால் ஓஸ்துர்க், முன்னால் சோ, கேப்டன் வில்சன். ஜனவரியில் காயம்பட்டவர் இடத்தை நிரப்ப முன்களத்தில் ஜெனெரோ செஃபைக் வந்தார். ஐந்து கடன் வீரர்களை அள்ளிப் போட்ட ரேஞ்சர்ஸோடு ஒப்பிட்டால், ஒரு குறைக்கு ஒரு ஆள் என்ற இந்த முறை எவ்வளவு மலிவானது என்று புரியும்.

அதிர்ஷ்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜனவரி 16 இரவு ஐப்ராக்ஸில் பனி கொட்டி, கோடு தெரியாமல், சுமார் 25 நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. மறு ஆட்டம் ஏப்ரல் 5-க்குப் போயிற்று. அதில் ஹார்ட்ஸ் தோற்றது; ஆனால் அதற்குள் பட்டம் கைக்கு வந்திருந்தது. மார்ச் 21-இல் ஹார்ட்ஸ் ஃபால்கர்க்கில் 3–0 வென்றிருக்க, மறுநாள் ஈஸ்டர் ரோடில் ரேஞ்சர்ஸ் ஹிப்ஸை 2–0 என்று வீழ்த்தியதும் கணக்கு முடிந்தது. ஹார்ட்ஸ் ஆடாத நாளில், பரம எதிரியின் மைதானத்தில், ரேஞ்சர்ஸின் காலால் வந்த பட்டம்.

பிளே-ஆஃப்: தேர்வே வேறு

கடைசி நாளில் மிச்சமிருந்தது இரண்டாம் இடம். ஹார்ட்ஸ் – ரேஞ்சர்ஸ் ஆட்டத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் மே 2 சனிக்கிழமைக்கே திரும்பியது. ஹிப்ஸ் 67, ரேஞ்சர்ஸ் 66 என்று அன்று காலை நிலைமை. ஹிப்ஸ் ஃபால்கர்க்கில் 3–0 வென்று 70-க்குப் போனது. டைன்காசிலில் 2–0 முன்னிலையில் இருந்த ரேஞ்சர்ஸ் செஃபைக்கிடம் கடைசியில் இரண்டு கோல் வாங்கி டிரா செய்தது. அதைச் சிலர் திருப்புமுனை என்பார்கள். ரேஞ்சர்ஸ் வென்றிருந்தாலும் 69-தான்.

மூன்றாம் இடத்தின் விலை இரண்டு கூடுதல் ஆட்டம். நான்காவதுடன் இரண்டு, பிறகு இரண்டாவதுடன் இரண்டு, பிறகு பிரீமியர்ஷிப்பின் பதினோராவதுடன் இரண்டு. மேலே இருக்கும் கிளப்புக்கு இரண்டே ஆட்டம். கீழே மூன்றாவதாக முடித்தவருக்கு ஆறு. வரைந்தவர்கள் யார் பக்கம் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரேஞ்சர்ஸ் மே 9, 17, 20, 23, 28, 31 என்று ஆடியது. கடைசி ஐந்து ஆட்டம் பதினைந்து நாளுக்குள்.

குயின் ஆஃப் த சவுத்தை, லீக்கில் இரண்டு முறை உதைபட்ட அதே பால்மர்ஸ்டனில் 2–1 வென்று, ஐப்ராக்ஸில் 1–1 டிரா செய்து தாண்டியது. அடுத்து ஹிப்ஸ். லீக்கில் 12-க்கு ஒன்பது புள்ளி பறித்த ஹிப்ஸ் இங்கே ஐப்ராக்ஸில் 0–2, சொந்த மைதானத்தில் 1–0, மொத்தம் 1–2 என்று வெளியே போனது. பெரிய ஆட்டங்களில் எடுத்த அந்தப் பதினான்கு புள்ளி லீக்கிலும் உதவவில்லை, இங்கேயும் உதவவில்லை. இறுதியில் பிரீமியர்ஷிப்பின் மதர்வெல் ரேஞ்சர்ஸை 3–1, 3–0, மொத்தம் 6–1 என்று வென்றது. கால் தேய்ந்த அணிக்கு எதிராக ஓய்வெடுத்த அணி. மெக்கால் நவம்பர் வரை மேலாளராக இருந்ததும் இதே மதர்வெல்தான்.

ரேஞ்சர்ஸ் அடுத்த ஆண்டு மார்க் வார்பர்ட்டன் கீழ் இந்த லீக்கை வென்று ஏறியது. ஹிப்ஸ் 2016-இல் ஸ்காட்டிஷ் கோப்பையை ரேஞ்சர்ஸிடமிருந்தே 3–2 என்று வென்றும், லீக்கில் ஏற 2017 வரை காத்திருந்தது.

அடிப்பக்கம்

பட்டியலின் கடைசி நான்கு வரிகள் தனி ஆய்வுக்கு உரியவை. டம்பார்ட்டன் 79 கோல் வாங்கி, கழித்தல் 43 கோல் வித்தியாசத்தோடு ஏழாவதாகப் பத்திரமாக நின்றது. லிவிங்ஸ்டன் கழித்தல் 12-தான், ஆனால் எட்டாவது. டம்பார்ட்டன் தோற்றால் வாரிக்கொடுத்துத் தோற்றது. ஆனால் ஒன்பது முறை ஜெயித்தது. லிவிங்ஸ்டன் நூலிழையில் தோற்றுக்கொண்டே இருந்தது. கோல் வித்தியாசத்தை மட்டும் பார்த்து அணியின் நிலையை ஊகிப்பவர்களுக்கு இந்த இரு வரிகளும் நல்ல பாடம்.

லிவிங்ஸ்டனுக்கு வரி தொடர்பான விதிமீறலுக்காகச் சீசன் நடுவே ஐந்து புள்ளி வெட்டு விழுந்தது. வெட்டு இல்லையென்றால் 32, பயமே இருந்திருக்காது. வெட்டோடு 27, அல்லோவாவுடன் சமம், கோல் வித்தியாசத்தில் தப்பியது. இத்தனைக்கும் நடுவில் ஏப்ரல் 5 அன்று பெர்த்தில் அதே அல்லோவாவை 4–0 என்று வென்று சேலஞ்ச் கோப்பையையும் தூக்கியது.

கடைசி நாளில் அல்லோவா சென்ட்ரல் பார்க்கில் வென்றது, கௌடன்பீத் இறங்கியது. அல்லோவா பிளே-ஆஃப் இறுதியில் ஃபார்ஃபாரிடம் முதல் ஆட்டத்தில் 1–3 என்று தோற்று, தன் செயற்கைத் தரையில் 3–0 திருப்பிக் கொடுத்து 4–3 என்று லீக்கில் தங்கியது. தங்கியது ஓராண்டுதான். 2015–16-இல் அல்லோவா கடைசி, லிவிங்ஸ்டன் ஒன்பதாவது. பிளே-ஆஃபில் ஸ்ட்ரான்ரேரிடம் தோற்று லிவிங்ஸ்டனும் சேர்ந்து இறங்கியது.